சாராயக்கடை இல்லாத வழி

போன ஞாயிற்றுக்கிழமை கடலூர் ரோட்டைக் கடக்கும் இடத்தில் நான் மட்டும் சைக்கிளை விட்டு இறங்கி, ஓடைப் பாலத்தின் கைப்பிடிச் சுவர் ஓரமாகப் போய்க் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றேன். முழங்கால் வலியா என்று கேட்டீர்கள். ஆமாம் என்றேன். முழங்காலுக்கு ஒன்றும் இல்லை. அன்று எதிர்காற்று, எல்லோருக்கும் டீ வேண்டியிருந்தது, சொல்ல ஆரம்பித்தால் வெயில் ஏறிவிடும். அதனால் எழுதித் தருகிறேன்.

மூலக்குளத்தில் கூடி, உறுவையாறு வழியாக ஆற்றங்கரை பிடித்து, பாகூர் ஏரிக்கரை ஏறி, கடைசியில் முகத்துவாரத்து மணலில் போய் முடிகிற வழி அது. நம் சைக்கிள் குழுவில் புதிதாக வந்து சேர்ந்தவர் தன் செல்போனில் அதைக் கோடாக வரைந்து காட்டி, இதற்குப் பெயர் கிராவல் ரூட் என்றார். நாம் சிரித்தோம். நமக்கு அது கரும்பு வண்டிப் பாதை. ஆனால் அந்தக் கோட்டில் ஏரிக்கும் கடலுக்கும் நடுவே வருகிற பகுதியை முதலில் தேடிப் பிடித்தது செல்போன் அல்ல, என் அக்கா.

நான் தேதி பார்த்து எழுதுகிற ஆள் என்பது உங்களுக்குத் தெரியும். எந்த ஞாயிறு எங்கே போனோம், யாருக்கு எந்த வரப்பில் பஞ்சர் என்று கேட்டால் சொல்லிவிடுவேன். இந்த விஷயத்துக்கு மட்டும் என்னிடம் தேதி கிடையாது. மாதங்கள் உண்டு. அக்கா எட்டாவது முடித்த கோடை. நான் நாலாவது முடித்திருந்தேன். அந்தப் பக்கம், அதாவது தமிழ்நாட்டுப் பக்கம், மதுவிலக்கு மறுபடி வந்திருந்த சமயம். நம் பக்கம் கடைகள் திறந்தே இருந்தன.

எங்கள் ஊர் ஆறு கடலில் சேரும் இடத்தை ஒட்டியது. ஊர்ப் பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி. ஒன்பதாவது படிக்க வேண்டுமென்றால் பாகூர் போக வேண்டும். பையன்கள் போனார்கள். எட்டாவது முடித்த பெண்கள் சவுக்குத் தோப்பில் விறகு கட்டவும் மல்லாட்டைக் கடலை பறிக்கவும் போனார்கள், பிறகு கல்யாணம் ஆகிப் போனார்கள். அக்கா ஒன்பதாவது படிக்க வேண்டும் என்றாள். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் எதையும் அவ்வளவு வெளிப்படையாகக் கேட்டதில்லை.

அப்பாவுக்கு டவுனில் மில் வேலை. படிப்புக்கு எதிரி அல்ல. சாராயக்கடைதான் அவருக்கு ஆகாது. சம்பள நாளில் மில் கேட்டுக்கு வெளியே பெண்கள் வரிசையாக நின்று, புருஷன் கடைக்குள் நுழைவதற்குமுன் சட்டைப் பையைப் பிடித்து இழுப்பதை மாதா மாதம் பார்த்தவர். தான் தினமும் கடந்து போகிற கடைகளின் பக்கம் முகத்தைக்கூடத் திருப்ப மாட்டார். கழுத்து வலிக்காரர் போல எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டே சைக்கிள் மிதிப்பார். அக்கா கேட்டபோது அவர் முடியாது என்று சொல்லவில்லை.

"ஒரு சாராயக்கடை முன்னால போவாம பாகூர் போய்ச் சேர ஒரு வழி காட்டு. சேர்த்து வுடறேன்" என்றார்.

அம்மா சாதம் போட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியை நிறுத்தி அவரைப் பார்த்தாள். அது மறுப்பு என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. நம் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, வெளியூர்க்காரர் யாராவது படித்தால் என்பதற்காகச் சொல்கிறேன். நம் கொம்யூன்களில், அதாவது பஞ்சாயத்து எல்லைகளில், நம் நிலமும் அந்தப் பக்கத்து நிலமும் கலந்து கிடக்கின்றன. ஒரு ஓடையைத் தாண்டினால் அவர்கள் ஊர், அடுத்த வரப்பு ஏறினால் மறுபடி நம் ஊர். எங்கெல்லாம் அவர்கள் நிலம் முடிந்து நம்முடையது ஆரம்பிக்கிறதோ, அங்கெல்லாம் ஒரு கடை இருக்கும். அவர்கள் வந்து குடிக்க வேண்டுமே. பஸ் நிற்கும் கூட்டுரோட்டில்கூட நிழற்குடைக்கு எதிரே கடைதான். ஆகவே அப்பா கேட்ட வழி இந்த மண்ணில் இருக்க முடியாது.

அக்காவுக்கு மட்டும் அது மறுப்பாகப் படவில்லை. கணக்கு கொடுத்திருக்கிறார்கள், போட வேண்டும் என்பது போல எடுத்துக்கொண்டாள்.

அப்பாவுடையது போக, எங்களுக்கென்று ஒரு சைக்கிள் இருந்தது. லேடீஸ் பிரேம், ஆனால் முன்சக்கரம் வேறொன்றிலிருந்து வந்தது. மட்கார்டு கிடையாது. செயின் கவர் கிடையாது, அதனால் அக்காவின் பாவாடை ஓரம் எப்போதும் கறுப்பாக இருக்கும். அதில் இருந்த ஒரே முழுமையான பொருள் மணி. பித்தளை மூடி, மேலே ஒரு பூ அச்சு. கட்டை விரலால் ஒரு தட்டு தட்டினால் நெடுநேரம் அடங்காது. கேரியரில் நான். பெண்பிள்ளை தனியாகப் போகக் கூடாது என்பதால் நான் துணை. துணைக்குப் போகிறவளுக்குத்தான் பயம் அதிகம் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

முதலில் வடக்கே போனோம். சவுக்குத் தோப்பு வழி, முழுக்க மணல். சக்கரம் புதைந்து புதைந்து நின்றது. டயரில் பாதிக் காற்றை இறக்கிவிட்டால் புதையாது என்று அன்றே கண்டுபிடித்தாள். நீங்கள் இப்போது டயர் பிரஷர் பற்றி அரைமணி நேரம் பேசும்போதெல்லாம் நான் வாயை மூடிக்கொண்டிருப்பது இதனால்தான். தோப்பு முடிந்து கழிமுகத்துப் படகுத்துறை. அங்கே பனைமரத்தடியில் ஒரு கடை. வாசலில் மீன் வறுத்து விற்கும் அம்மாள் எங்களைப் பார்த்ததும், "இன்னாடி, அப்பன கூப்பிட வந்தீங்களா? உள்ள யாரு, பேர சொல்லு" என்றாள். பெண்பிள்ளைகள் கடைக்கு வர வேறு காரணம் இருக்க முடியாது.

"எங்கப்பா குடிக்காது" என்றாள் அக்கா.

"அப்போ வழிய வுட்டு நில்லு, குடிக்கிறவன் வரட்டும்" என்று சிரித்தாள். எனக்கு ஒரு துண்டு சுறா வறுவல் கொடுத்தாள். அக்கா திரும்பி வரும் வழி முழுக்க என்னோடு பேசவில்லை.

பிறகு தெற்கே. முகத்துவாரத்தில் தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு அக்கரை போனோம். உப்புத் தண்ணீர் இடுப்பு வரை. அக்கரை தமிழ்நாடு, அங்கே கடை கிடையாது. ஆனால் நாணல் புதருக்குள் கேன் கேனாகப் புதைத்து வைத்திருந்தார்கள். அங்கிருந்து பாகூர் போக வேண்டுமென்றால் மறுபடி நம் எல்லைக்குள் நுழைய வேண்டும், நுழையும் இடத்தில் கடை. அக்கா கையில் கிடைத்த கல்லை எடுத்து ஆற்றில் வீசினாள். வீசியதும் கிளம்பிவிட்டாள். அந்தக் கோடையில் அவள் எங்கேயும் உட்கார்ந்து எனக்கு நினைவில்லை. வீட்டில் சாப்பிடும்போதுகூட ஒரு கால் மடங்கியும் மறு கால் எழுந்திருக்கத் தயாராகவும் இருக்கும்.

மேற்கே போனதுதான் பலித்தது. ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் கடலுக்குப் போகிற ஓடை ஒன்று உண்டு. மழைக்காலம் தவிர மற்ற மாதங்களில் காய்ந்து கிடக்கும். அதன் கரையில் கரும்பு வண்டிக்காகச் சரளை கொட்டியிருந்தார்கள். சிவப்புச் சரளை. சக்கரம் அதன்மேல் ஓடும்போது வேர்க்கடலையைத் தோலோடு வறுப்பது போல ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் எங்களுக்குப் பிடித்துப்போய்விட்டது. ஆனால் கரைப் பாதை கடலூர் ரோட்டில் போய் ஏறுகிறது, ஏறுகிற இடத்தில் பாலம், பாலத்தை ஒட்டியே கடை. அங்கேயும் தோற்றோம் என்றுதான் நினைத்தேன்.

ரோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் புங்க மரத்தடியில் நின்றிருந்தபோது ஓர் ஆட்டு மந்தை வந்தது. மேய்ப்பவர் ஒரு சத்தம் கொடுத்தார். ஆடுகள் ரோட்டில் ஏறவில்லை. ஓடைக்குள் இறங்கி, பாலத்துக்கு அடியில் நுழைந்து, ரோட்டுக்கு அந்தப் பக்கம் வெளியே வந்தன. அக்கா என் முழங்கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது. ஆடுகள் முழுக்கப் போகும்வரை காத்திருந்து, சைக்கிளை இறக்கி, நாங்களும் நுழைந்தோம். நான் நிமிர்ந்து நடந்தேன், அக்கா குனிந்து. உள்ளே இருட்டு, ஆட்டுப் புழுக்கை வாடை, சாராய வாடை, உடைந்த பாட்டில்கள். எனக்கு அழுகை வந்தது. மணி அடி, மணி அடி என்றேன். அடித்தாள். சத்தம் மூன்று பக்கமும் முட்டி ஒரு கோயிலே உள்ளே இருப்பது போலக் கேட்டது. அந்தப் பக்கம் வெளியே வந்தபோது வெயில், கரும்பு, ஏரிக்கரை, அப்புறம் பாகூர்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்து பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடைக்குள் இறங்கி, பாலத்தடியில் போய் நின்றார். தலை மேலே இடித்தது. அங்கேயிருந்து பார்த்தால் கடை தெரியாது. கடையிலிருந்து பார்த்தாலும் உள்ளே போகிறவர் தெரியாது. மேலே ஒரு லாரி போனது, மண் உதிர்ந்தது. அவர் அங்கே தேவைக்கு அதிகமாகவே நின்றார் என்று இப்போது தோன்றுகிறது. மகள் தன் வாக்கைக் கொண்டே தன்னைக் கட்டிவிட்டாள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். சரி என்றார். இரண்டு நிபந்தனை போட்டார். சின்னவளும் பாகூரிலேயே சேர வேண்டும், துணைக்கு. எந்த நாளாவது கடை முன்னால் போனதாகத் தெரிந்தால் அன்றோடு படிப்பு முடிந்தது.

ஆனி மாதத்திலிருந்து போனோம். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை பாலத்தடி. இரண்டு முறையும் மணி. முதல் வாரமே கண்ணாடி குத்தி டியூப் கிழிந்தது. அதற்கப்புறம் ஒரு நாள் பார்த்தால் உடைந்த பாட்டில்களைக் காணோம். பிறகு எப்போதுமே காணோம். ஆடியில் ஒரு மழைக்குச் சேறானபோது யாரோ பனஞ்சட்டம் இரண்டைப் போட்டு வைத்திருந்தார்கள். ஆட்டுக்காரர் வேலை என்றாள் அக்கா. எனக்கு அதைப் பற்றியெல்லாம் யோசனை இல்லை. எனக்கு அந்த வழி வேண்டும், அவ்வளவுதான். சவுக்குத் தோப்பிலிருந்து வருகிற உப்புக் காற்று முதுகில் தள்ளும். மணல் முடிந்து சரளை ஆரம்பிக்கிற இடத்தை நான் கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன். அக்கா மிதித்துக்கொண்டே பாடம் ஒப்பிப்பாள். கரை முழுக்கக் கேட்கும்.

அக்கா நன்றாகப் படித்தாள். ஆனால் புரட்டாசி பிறந்ததிலிருந்து வானத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். தண்ணீர் வந்தால் வழி போய்விடும். அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசவில்லை. அம்மா மட்டும் ஒரு முறை, தண்ணி வந்தா நின்னுக்கோ, தை பொறந்து பார்த்துக்கலாம் என்றாள். தையில் திரும்பப் போன பெண் யாரும் எங்கள் ஊரில் இல்லை.

ஐப்பசியில் ஒரு நாள். அக்கா வியாழன் என்கிறாள், நான் திங்கள் என்கிறேன். எனக்குத் திங்கள்தான், அன்று எங்களுக்கு டிராயிங் கிளாஸ். காலையில் பாலத்தடி ஈரமாக மட்டும் இருந்தது. இரவெல்லாம் மேற்கே பெய்திருக்கிறது. மத்தியானம் ஏரி நிரம்பி வழிய ஆரம்பித்தது. சாயங்காலம் நாங்கள் திரும்பி வந்தபோது ஓடை இரு கரையும் தொட்டுக்கொண்டு, பாலத்தின் வாயை அடைத்துக்கொண்டு ஓடியது. செந்தண்ணீர், அதில் கரும்புச் சோகையும் யாருடைய செருப்போ ஒன்றும்.

வீட்டுக்குப் போக வேறு வழி கிடையாது. அக்கா கரையில் நின்று தண்ணீரைப் பார்த்தாள். பிறகு என்னை இறங்கச் சொல்லிவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டில் ஏறினாள்.

கடை வாசலில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நாலைந்து பேர். ஒருவர் எங்களைப் பார்த்ததும் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். "அடியில போற பொண்ணு மேல வந்துடுச்சிபா."

உள்ளேயிருந்து இன்னும் சிலர் எட்டிப் பார்த்தார்கள். அக்கா நேராகப் பார்த்துக்கொண்டு நடந்தாள். அப்பா மாதிரியே கழுத்து. கிழவர் ஒருவர், "மணி அடி பாப்பா" என்றார். யாரும் கிண்டலாகச் சிரிக்கவில்லை. நிஜமாகவே கேட்டார், கோயிலில் கேட்பது போல. அக்கா அடிக்கவில்லை. நான் எட்டிக் கையை நீட்டி அடித்தேன். அப்போதுதான் எல்லோரும் சிரித்தார்கள். அக்கா என் கையைத் தட்டிவிட்டாள்.

வீட்டுக்குப் போனதும் அப்பாவிடம் அவளே சொன்னாள். தண்ணீர் வந்தது, மேலே போனோம், கடை முன்னால் போனோம். ஒரு வார்த்தை கூட்டவோ குறைக்கவோ இல்லை. மறுநாள் காலை அப்பா எங்கள் சைக்கிளைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மில்லுக்குப் போனார். அக்கா சீருடை போட்டுக்கொண்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு, பூட்டிய சைக்கிளின் கேரியரில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாள். அதற்கு அடுத்த நாளும்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அப்பா மில்லிலிருந்து வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. எங்கள் சைக்கிளைத் திறந்து, என்னைப் பார்த்து ஏறு என்றார். நான் சாட்சி போலிருக்கிறது. போகும் வழியில், அங்கே யார் என்ன சொன்னார்கள் என்று கேட்டார். மணி அடிக்கச் சொன்னார்கள் என்றேன். அவருக்குப் புரியவில்லை.

கடை வாசலில் அவர் இறங்கியபோது உள்ளே பேச்சு நின்றது. வருஷக்கணக்காக முகம் திருப்பிப் போகிறவரை எல்லோருக்கும் தெரியும். கடைக்காரர் வெளியே வந்து, "வாங்க மில்லுக்காரரே" என்றார்.

"எம் பொண்ண எவனாவது ஏதாவது சொன்னானா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. ஒரு பெருசு மணி அடின்னு கேட்டுது. அவ்ளோதான்."

"மணி இன்னாத்துக்கு?"

"அதான் தெனம் அடியில அடிக்குமே. காலைல மணி கேட்டா இவனுங்கள வேலைக்குப் போங்கடான்னு தொரத்துவேன். சாயங்காலம் மணி கேக்கற வரிக்கும் ஒருத்தனயும் பின்பக்கம் ஒதுங்க வுடமாட்டேன்." சுவரோரம் குத்துக்காலிட்டிருந்த ஒருவரைக் காட்டி, "கண்ணாடி பொறுக்கறது யாருன்னு நெனச்ச? இவன்தான். கை நடுங்கும், ஆனா ஒரு சில்லு வுடமாட்டான். சேத்துல பனஞ்சட்டம் போட்டதும் இவனுங்கதான்" என்றார். அந்த மனிதர் கையை மறைத்துக்கொண்டார்.

அப்பா ஹேண்டில்பாரைப் பிடித்தபடியே நின்றார். கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணு கேக்கறேன், கோவிச்சிக்காத. பட்டப்பகல்ல ரோட்டு மேல போவ வேண்டிய பொண்ண எதுக்குப்பா பொந்துல வுட்டு அனுப்பற? ஒளிய வேண்டியவங்க நாங்கதானே."

அப்பா சைக்கிளைத் திருப்பினார். ஏறவில்லை. வழி முழுக்கத் தள்ளிக்கொண்டே வந்தார், நான் கேரியரில். வீட்டு வாசலில் சாவியை அக்காவிடம் கொடுத்து, "நாளையிலேர்ந்து மேலயே போங்க" என்றார். கடை இருக்கிறதே என்றாள் அம்மா. "இருக்குது. அது பாட்டுக்கு இருக்குது" என்றார்.

இங்கேயே முடிந்தால் நல்ல கதை. நல்ல குடிகாரர்கள், திருந்திய அப்பா. நானும் வெகு நாள் அப்படித்தான் வைத்திருந்தேன். ஆனால் அந்தக் கடையிலிருந்து வீடு போனவர்களில் பெண்டாட்டியை அடிக்காதவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. அப்பா சம்பள நாளில் பார்த்ததும் பொய்யல்ல. வழி கண்டுபிடித்தவர்களைப் பற்றி நிறையப் புத்தகங்கள் படித்திருக்கிறேன். அங்கே ஏற்கெனவே ஆள் இருந்தார்கள் என்பதை அவர்கள் பெரும்பாலும் கடைசி அத்தியாயத்தில்தான் எழுதுகிறார்கள், அதையும் சங்கடத்தோடு. அக்காவுக்கு அந்த அத்தியாயம் பதினான்கு வயதில் வந்தது.

அன்று இரவு பாயில் படுத்துக்கொண்டு நான் சந்தோஷமாக எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். கண்ணாடி பொறுக்கினது, பனஞ்சட்டம், மணி கேட்டு வேலைக்குப் போனது. அவளும் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

"அப்போ அவனுங்க வுட்டுதான் நான் போனேனா?" என்றாள். சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

காலையில் மழை விட்டிருந்தது. பாலத்தின் மேல், கடைக்கு நேர் எதிரே, அக்கா சைக்கிளை நிறுத்தினாள். வாசலில் ஆட்கள் இருந்தார்கள், கடைக்காரரும் இருந்தார். அக்கா மணியின் மூடியைத் திருக ஆரம்பித்தாள். துருப்பிடித்திருந்தது, வரவில்லை. பாவாடை நுனியைச் சுற்றிப் பிடித்துத் திருகினாள். நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் கண்ணை எடுக்காமல் கடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூடி கையோடு வந்ததும் கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம், தண்ணீரில் போட்டாள். விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

"போச்சிடா நம்ம மணி" என்றார் கிழவர், மெதுவாக.

"ஏறுடி" என்றாள் அக்கா.

பள்ளிக்கூடம் முடிக்கும்வரை அவள் மேலேதான் போனாள். கோடையில் ஓடை காய்ந்த பிறகும் மேலேதான். மணி எங்கே என்று அப்பா கேட்டார். விழுந்துவிட்டது என்றாள். அவர் வேறு வாங்கி மாட்டவில்லை. அக்கா படித்து, அரசு மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் வேலையில் சேர்ந்து, ஓய்வு பெற்று, இப்போது மகன் வீட்டில் இருக்கிறாள். இடுப்பு சரியில்லை, சைக்கிள் ஓட்டுவதில்லை. ஒரே நாற்காலியில் பத்து நிமிஷம் இருக்க மாட்டாள் என்று மருமகள் குறை சொல்கிறாள்.

அன்று டீ குடிக்கும்போது நம் புதியவர் தன் செல்போனில் நாம் வந்த வழியைக் காட்டினார் அல்லவா, பச்சைக் கோடாக. பாலம் இருக்கும் இடத்தைப் பெரிதாக்கிப் பார்க்கச் சொன்னேன். பார்த்தேன். மேலே போனாலும் அடியில் போனாலும் அதில் ஒரே கோடுதான்.

வீட்டுக்கு வந்து அக்காவுக்குப் போன் செய்தேன். பாலத்தை அகலப்படுத்தியிருக்கிறார்கள், அடியில் ஆள் நுழைய முடியாது, குழாய் போட்டு மூடிவிட்டார்கள் என்றேன். கடை? இருக்கிறது, கண்ணாடிக் கதவு வைத்து, ஏசி போட்டு. அக்கா நடந்துகொண்டிருக்கிறாள் என்பது மூச்சில் தெரிந்தது.

"அங்க எறங்கி இன்னா பார்த்த?"

"சும்மாதான்."

"மணியத் தேடினியா?"

பாலத்தடிக் குழாய் பற்றி மறுபடி சொல்ல ஆரம்பித்தேன்.

"கெடச்சா நீயே வெச்சிக்கோடி" என்றாள் அக்கா. "உனக்குத்தான் பயம்."